துவக்கின் பாரம் குறித்து உரிமையாளர் கருத்து

தில்லையம்பலத்தின் அகதி விண்ணப்பத்துக்கு வந்த மறுப்புக் கடிதத்தில் நாற்பத்தொரு பந்திகள் இருந்தன. ஒரு மனிதன் பொய் சொல்கிறான் என்பதை மரியாதையாகச் சொல்வதற்கு அவ்வளவு பந்தி வேண்டும். முதலாம் பந்தியில் அவருடைய பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். பதினாலு வருடத்தில் இதுதான் முதல் தடவை என்பதால், அந்த வரியை மட்டும் இரண்டு முறை வாசித்துச் சந்தோஷப்பட்டார்.

முப்பத்தாறாம் பந்தி வரைக்கும் பழைய கதைதான். அவர் கிளிநொச்சிப் பக்கம் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். ஒருநாள் ரியூப் வாங்கப் போன இடத்தில் ஆயுதக்காரர் பிடித்தார்கள். காலில் காயம்பட்ட ஒருவனுடைய துவக்கை இவர் தோளில் கொழுவிவிட்டு, மழைக்குள் மூன்று நாள் நடக்க வைத்தார்கள். பிறகு மற்றப் பக்கத்து ஆயுதக்காரர், துவக்குச் சுமந்தவன் எங்கே என்று வீட்டுக்குத் தேடி வந்தார்கள். எந்தப் பக்கம் எது என்பதைப் பத்தாம் பந்தியிலிருந்து இருபதாம் பந்தி வரை ஆழமாக ஆராய்ந்து, கடைசியில் இரண்டையும் மாற்றி எழுதியிருந்தது பணிமனை. அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை.

பணிமனை என்றால் நம்பகத்தன்மைத் தீர்மானப் பணிமனை. லண்டனில், ஆற்றுக்குத் தெற்கே, உள்ளேயிருந்து வெளியே பார்க்கலாம், வெளியேயிருந்து உள்ளே பார்க்க ஏலாது என்ற மாதிரியான கண்ணாடிக் கட்டடம். அங்கே யார் சொல்வது உண்மை என்று தீர்மானிப்பதற்கு நானூறு பேர் வேலை செய்தார்கள்.

புதிதாக இருந்தது முப்பத்தேழாம் பந்தி. அது இப்படிப் போனது:

"விண்ணப்பதாரர் சுமந்ததாகக் கூறும் பொருள், உருளைகளின் மூலம் பின்னடிப்பைத் தாமதப்படுத்தும் பொறிமுறை கொண்ட கனரகப் போர்த் துவக்கு என இப்பணிமனை இனங்கண்டுள்ளது. வெளிநாடுகளில் இதனை விலைக்கு வாங்கிய உரிமையாளர்கள் இணையத்தில் பதிந்த பத்தொன்பது கருத்துகளை நாம் மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தோம். பதினான்கு உரிமையாளர்கள் இது அளவுக்கு மிஞ்சிய பாரமென்றும், தோளை வருத்துவதென்றும், வாங்கியதற்கு வருந்துவதாகவும் தெரிவித்துள்ளனர். ஒருவர் அரை மணி நேரத்தில் அதனை வாகனத்தினுள் வைத்துவிட்டார். ஆகவே, நியாயமான மனிதர் எவரும் இதனை மூன்று நாட்கள் சுமந்திருக்க மாட்டார். இலகுவான வேறொரு மாதிரியைத் தருமாறு தாம் ஏன் கேட்கவில்லை என்பதை விளக்கவும் விண்ணப்பதாரர் தவறியுள்ளார்."

பிளேஸ்டோவில் மச்சான் பாலேந்திராவின் குசினி மேசையில் வைத்துத்தான் இதை வாசித்தார்கள். பாலேந்திரா ஜேர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர், பொயிலர் பூட்டுகிற வேலை. ஓய்வு நேரத்தில் இணையத்தில் நட்சத்திரம் போடுவார். இப்போதெல்லாம் எங்கள் ஆட்களுக்கு அதுதான் தொழிலுக்கு அடுத்த தொழில். பல் வைத்தியருக்கு நாலு நட்சத்திரம், பூங்காவில் உட்காரும் வாங்குக்கு மூன்று, சொந்தச் சித்தப்பாவின் இறுதிச்சடங்கு நடந்த மண்டபத்துக்கு இரண்டு. காரணம், கார் நிற்பாட்ட இடம் போதாது. அப்படிப்பட்டவருக்கு முப்பத்தேழாம் பந்தியைப் பார்த்ததும் கோபத்தை முந்திக்கொண்டு மரியாதை வந்தது.

"மச்சான், ஆதாரத்தோடதான் எழுதியிருக்கிறாங்கள். பத்தொன்பது றிவியூ!"

"நான் அதைக் காசு குடுத்து வாங்கேல்லையே பாலா. தோளில கொழுவிவிட்டவங்கள்."

"அதுதானே அவங்கள் கேக்கிறாங்கள். கொழுவேக்க, இதைவிடச் சின்னன் இல்லையோ எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தால் சுட்டிருப்பாங்கள்."

"அதைப் பந்தி போட்டு எழுதியிருந்தால் இவ்வளவு பிரச்சினை வந்திராது" என்றார் பாலேந்திரா. பிறகு உருளை என்றால் என்ன என்று விளக்கினார். "உள்ளுக்க ரெண்டு சின்ன உருளை இருக்கும். வெடிச்ச உடன திறக்க விடாது, ஒரு கணம் பிடிச்சு வைச்சுத்தான் விடும். ஜேர்மன்காரன் ஒரு செக்கனில ஆயிரத்தில ஒரு பங்கு தாமதிச்சதுக்கே உலகம் அவனைப் புகழுது. உன்ர கேசை இவங்கள் பதினாலு வருசம் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள், ஒருத்தரும் புகழேல்லை."

தில்லையம்பலம் சிரிக்கவில்லை. அவருக்குத் துவக்கும் வேண்டாம், உருளையும் வேண்டாம். வவுனியாவில் மனைவி நாகேஸ்வரி இருக்கிறாள். பதினாலு வருடமாகக் கைபேசித் திரையில் அவளுடைய நெற்றியையும் வீட்டுக் கூரையையும் மட்டும் பார்த்துப் பேசுகிறார், ஏனென்றால் போனை எப்படிப் பிடிப்பதென்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. விசா கிடைத்தால் அவளை இங்கே எடுக்கலாம். அவள் முகத்தை முழுதாக ஒருமுறை பார்க்க வேண்டும். அவருடைய வழக்கு அவ்வளவுதான்.

மறுநாள் அவருடைய சட்டத்தரணி பிரியந்தி கடிதத்தைக் கையில் எடுத்து, முப்பத்தேழாம் பந்தியை வாசித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தாள்.

"அங்கிள், கருத்தைக் கருத்தாலதான் வெட்டலாம். இந்தத் துவக்கைச் சுமக்க ஏலும் எண்டு உரிமையாளர் ஆராவது எழுதிக் கையெழுத்து வைச்சுத் தரவேணும்."

"இந்த நாட்டில ஆர் பிள்ளை அதை வைச்சிருக்கப் போகினம்? வைச்சிருந்தால் பிடிப்பாங்களே?"

"ஓம், பிடிப்பாங்கள். அதாலதான் அங்கிள் கொஞ்சம் கஷ்டம். வைச்சிருந்த ஆக்களாவது இருந்தால் பாருங்கோ."

வைத்திருந்த ஆட்கள்! பாலேந்திராவுக்கு உற்சாகம் பிடிபடவில்லை. ஈஸ்ட் ஹாமில் றமணனின் தேத்தண்ணிக் கடைக்குப் போனால், வைத்திருக்காத ஆளைத் தேடுவதுதான் சிரமம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அங்கே பத்துப் பேர் கூடுவார்கள். பத்துப் பேரும் அந்தக் காலத்தில் ஏதோ ஒன்றைத் தூக்கியவர்கள்தான். விசாரித்ததும் கடை கலகலத்தது.

"அதோ? நான் அதை ஒரு கையால தூக்குவன்" என்றார் ஒருவர். வாய்க்குள் வடை இருந்ததால் கொஞ்சம் பொறுத்து, "இடது கையால" என்று சேர்த்தார்.

"பாரந்தான், ஆனா நல்ல சாமான். அந்த உருக்கு இப்ப வாறதில்லை" என்றார், தோசைக்கல்லைப் பற்றிச் சொல்வதுபோல, இன்னொருவர்.

"நாலரை நட்சத்திரம் குடுக்கலாம்" என்றார் மூன்றாமவர். "மழைக்குக் கொஞ்சம் கறள் பிடிக்கும். அதுக்கு அரை வெட்டோணும்."

கடைக்காரர் றமணன் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, மூன்று மாதம் அதைத் தலைக்கு வைத்துத்தான் தானும் படுத்ததாகச் சொன்னார். தில்லையம்பலத்தின் கண் கலங்கிவிட்டது. எத்தனை சாட்சிகள்! பிரியந்தி தந்த படிவத்தை எடுத்து மேசையில் விரித்து, பேனையைத் திறந்து வைத்தார்.

பத்துப் பேரும் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார்கள்.

"அது... தம்பி, எனக்குச் சிற்றிசன் கிடைச்சு ஆறு வருசம்" என்றார் ஒரு கையால் தூக்கியவர்.

"நான் தூக்கேல்லை. தூக்கினவையைக் கண்டனான்" என்றார் நாலரை நட்சத்திரக்காரர். "கண்டது எண்டால், தூரத்தில."

உருக்கைப் புகழ்ந்தவர் தான் பதினெட்டு வயதிலேயே பாரிசுக்குப் போய்விட்டதாகவும், சொன்னது முழுக்கத் தோசைக்கல்லைப் பற்றி என்றும் சொன்னார். றமணன் தலைக்கு வைத்துப் படுத்தது தலையணையாக மாறியது. ஐந்து நிமிடத்தில், முப்பது வருடம் நடந்த ஒரு யுத்தத்தில் துவக்கைத் தொட்டவர் ஈஸ்ட் ஹாமில் ஒருவர்கூட இல்லாமல் போனார்.

கடைசியில் ஒரேயொரு சட்டபூர்வமான உரிமையாளர் அகப்பட்டார். சுவிசிலிருந்து வந்து ஸ்ட்ரெதமில் வீடு கட்டும் வேலை செய்யும் யாக்கோப்பு. எங்கள் ஆட்களின் வீட்டு முன்னறைக்கு வருடத்துக்கொரு நாகரிகம் வரும். ஒரு வருடம் மீன்தொட்டி, அடுத்த வருடம் உடம்பு பிடித்துவிடும் கதிரை, அதற்கடுத்த வருடம் முன்பக்கத்து மதிலில் சிங்கம். இந்த வருடம் செயலிழக்கச் செய்த துவக்கை ரீவிக்கு மேலே மாட்டுவது. சுடவே சுடாது, சகல ஓட்டையும் அடைத்தது, சான்றிதழோடு வரும். யாக்கோப்பின் சுவரில் தொங்கியது அதே துவக்கு; எந்தப் பயமும் இல்லாமல் எழுதிக் கையெழுத்து வைத்தார்:

"நான் இதை வாங்கி எட்டு மாதம். பார்வைக்கு எடுப்பாக உள்ளது. சுவர் பலமில்லாவிட்டால் வாங்க வேண்டாம், ஒருமுறை விழுந்து ரீவி உடைந்தது. தூசு தட்டுவது கரைச்சல். மனுசிக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நட்சத்திரம். சுமப்பது பற்றி எனக்குத் தெரியாது, மாட்டினது வேலைக்கு வந்த போலந்துக்காரர்."

இதை அனுப்பினார்கள். அனுப்ப வேறொன்றும் இருக்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. சுவரில் தொங்கும் துவக்கின் உரிமையாளரது கருத்தைச் சுமக்கப்படும் துவக்கின் விடயத்தில் ஏற்றுக்கொள்ள முடியாதெனவும், ஆயினும் நீதியின் நலன் கருதி, விண்ணப்பதாரர் நேரில் தோன்றிச் செய்முறையாகச் சுமந்து காட்டப் பணிமனை பெருமனதுடன் அனுமதிப்பதாகவும் எழுதியிருந்தது. பணிமனைக்குள் ஆயுதம் கொண்டுவருவது குற்றம். ஆகவே, சம எடையுள்ள தீங்கற்ற பொருளொன்றை விண்ணப்பதாரரே எடுத்து வருதல் வேண்டும். அத்துடன், பாரம் தூக்குவதற்கான பாதுகாப்புப் பயிற்சியை முன்கூட்டியே முடித்த சான்றிதழும் வேண்டும்.

தில்லையம்பலம் ஒரு பகல் முழுக்க ஒரு நூலக மண்டபத்தில் இருந்து, வெறும் கடதாசிப் பெட்டியை முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்துத் தூக்கப் பழகினார். சான்றிதழ் கிடைத்தது. ஊரைவிட்டு வந்தபிறகு அவருக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. பாலேந்திரா அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். சம எடைக்கு ஐந்து கிலோ சம்பா அரிசிப் பை வாங்கி, இரண்டு பக்கமும் பழைய பயணப் பையின் வாரைக் கட்டினார்கள்.

புறப்படும் காலையில் பிரியந்தி எச்சரித்தாள்.

"அங்கிள், கவனம். லேசாத் தூக்கினால், எங்க பழகினது, களவா வேலை செய்யிறியோ எண்டு கேப்பினம். உங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. தூக்க ஏலாமல் விழுந்தால், சொன்னது பொய் எண்டு எழுதுவினம். அளவாக் கஷ்டப்படுங்கோ."

"அளவா எண்டால்?"

"நம்பக்கூடிய அளவுக்கு."

பணிமனையின் நாலாம் மாடி நடைவழியில் செய்முறை நடந்தது. மூன்று நாளை அலுவலக நேரத்துக்கு ஏற்பச் சுருக்கி நாற்பது நிமிடமாக்கியிருந்தார்கள். மழைக்குப் பதிலாகக் குளிரூட்டி கூட்டிவைக்கப்பட்டிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய இளம் பெண் அதிகாரி, நல்ல முகம், மடிக்கணினியோடு இருந்தாள். மொழிபெயர்க்கத் திருச்சிப் பக்கத்துப் பாஸ்கரன் வந்திருந்தார். அரிசிப் பையின் காலாவதித் திகதியைப் பதிந்துவிட்டு அதிகாரி தொடங்கினாள்.

"துவக்கைத் தந்தவர், தருவதற்கு முன் ஆபத்து மதிப்பீடு செய்தாரா?" என்று அவள் கேட்டதைப் பாஸ்கரன், "சார், கன்னைக் குடுக்கறதுக்கு முன்னாடி, இதனால உங்களுக்கு ஏதாச்சும் ஆபத்து வருமான்னு அவர் யோசிச்சுப் பாத்தாரான்னு கேக்குறாங்க" என்றார்.

"அவருக்குக் காலில வெடி பட்டிருந்தது மிஸ்."

அதிகாரி 'செய்யவில்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள். வார் தோளில் ஏறியது. தில்லையம்பலம் நடந்தார்.

முதல் பத்து நிமிடம் அளவாகக் கஷ்டப்படுவது எப்படியென்று யோசித்தபடி நடந்தார். பிறகு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வார் அதே இடத்தில், இடது தோளில் எலும்புக்குப் பக்கத்தில், பழைய தழும்பின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. குளிரூட்டியின் குளிர் முதுகில் இறங்கியது. காயம்பட்டவன் தண்ணீர் கேட்டது நினைவு வந்தது. அவனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். மூன்றாம் நாள் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். நாற்பதாவது நிமிடம் தில்லையம்பலம் பையை மெதுவாக இறக்கி வைத்தார்.

"கஷ்டமா இருந்துச்சான்னு கேக்குறாங்க" என்றார் பாஸ்கரன்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களிடம் எதைக் கேட்டாலும் முதல் பதில் இல்லை என்பதுதான். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்றால் வேண்டாம். இரண்டாம் தரம் கேட்டால், ஐயோ வேண்டாம், இப்பதான் குடித்தது. மூன்றாம் தரம் கேட்டால்தான் உண்மை வரும், சீனி எவ்வளவு என்பதுட்பட. முதல் இரண்டும் மரியாதைக்கு. அதுவும் முன்பின் தெரியாத பெண்பிள்ளை, முகம் பார்த்துக் கேட்கும்போது, ஆம், செத்துப் போனேன் என்று எந்த மனிதன் சொல்வான்?

"இல்லை மிஸ். ஒரு கஷ்டமும் இல்லை" என்றார் தில்லையம்பலம்.

பாஸ்கரன் ஒரு எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தார். அதிகாரி தட்டிப் பதிந்தாள். தில்லையம்பலம் இரண்டாம் கேள்விக்காகக் காத்திருந்தார். அதிகாரி மடிக்கணினியை மூடிவிட்டு, நன்றி சொல்லி, மின்தூக்கி எந்தப் பக்கம் என்று காட்டினாள்.

வாசலில் நின்ற பிரியந்தி நடந்ததைக் கேட்டு நெற்றியில் கை வைத்தாள். "கஷ்டமே இல்லை எண்டு சொன்னீங்களோ!"

"அந்தப் பிள்ளை ஒருக்காத்தான் கேட்டவ" என்றார் அவர்.

ஆனால், அதுவே அவரைக் காப்பாற்றியது. மூன்று மாதத்தில் வந்த கடிதம் ஒரேயொரு பக்கம். விண்ணப்பதாரர் குறித்த துவக்கை எவ்வித சிரமமுமின்றிச் சுமக்கவல்லவர் என்பது செய்முறையாலும் அவரது சொந்த வாக்குமூலத்தாலும் ஐயந்திரிபற நிறுவப்பட்டமையால் முப்பத்தேழாம் பந்தி மீளப்பெறப்படுகிறது, ஏனைய பந்திகளும் அதில் தங்கியிருந்தமையால் அவையும் விழுகின்றன, விசா வழங்கப்படுகிறது. பாலேந்திரா பணிமனைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, 'சற்றுத் தாமதம், ஆனால் தரமான சேவை' என்று எழுதினார். அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டார்கள். நாகேஸ்வரியை எடுப்பதற்கான விண்ணப்பம் அடுத்த கிழமையே போனது.

இப்போது தில்லையம்பலமும் ஞாயிற்றுக்கிழமைகளில் றமணன் கடையில் இருப்பார். அங்கே அவருக்குத் தனி மரியாதை. அரசாங்கமே அத்தாட்சிப்படுத்திய சுமப்பாளர் ஈஸ்ட் ஹாமில் அவர் ஒருவர்தான். புதிதாக வருபவர்களிடம் றமணன், "அண்ணை அதை ஒரு விளையாட்டாத் தூக்கினவர்" என்பார். தில்லையம்பலம் மறுக்கமாட்டார்.

ஒரு ஞாயிறு, ஒரு பெண் கடைக்குள் வந்து அவரைத் தேடினாள். மன்னார்ப் பக்கம், பெயர் ஜெஸ்ரின், முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் கடிதம். நாற்பத்தொரு பந்தி. முப்பத்தேழில் விரலை வைத்து நீட்டினாள்.

"விண்ணப்பதாரர், கனரகப் போர்த் துவக்கொன்றைச் சுமக்க நிர்ப்பந்திக்கப்பட்டதால் தமது தோள் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டதாகக் கூறுகிறார். இதே துவக்கைச் சுமந்த அனுபவமிக்க பயனாளர் ஒருவர், பிளேஸ்டோவைச் சேர்ந்தவர், அதில் ஒரு கஷ்டமும் இல்லை என எமது முன்னிலையில் உறுதிபடக் கூறியுள்ளார். உரிமையாளர்களின் பத்தொன்பது கருத்துகளைவிட இது நம்பகமானது. ஆகவே விண்ணப்பதாரரின் கூற்று நிராகரிக்கப்படுகிறது."

தில்லையம்பலம் தலை நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய இடது தோள், வலது தோளைவிட இரண்டு விரல் தாழ்ந்து இருந்தது. எந்த எலும்பு, எந்த இடம் என்று அவருக்குத் தெரியும். அவருடைய தோளும் அந்த நேரம் குத்தியது.

"அண்ணை, அது நீங்கள்தானாம். பாரம் எண்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைச்சுத் தருவீங்களோ?"

"தங்கச்சி, அது... நான் முதல் சொன்னதை மாத்திச் சொன்னால், என்ர விசாவைத் திரும்பக் கிளறுவாங்கள்."

"கஷ்டமா இருந்தது எண்டு மட்டும் எழுதினால் காணும் அண்ணை. வேறயொண்டும் வேண்டாம்."

"மனுசியின்ர கேஸ் உள்ளுக்க கிடக்கு. அது முடியட்டும், பிறகு பாப்பம்."

"அண்ணை, அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு ஹியரிங்" என்றாள் மூன்றாம் தரமாக.

"ஏலாது தங்கச்சி" என்றார் தில்லையம்பலம். கடையிலிருந்த பத்துப் பேரும் தங்கள் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

அவள் கடிதத்தை மடித்தாள். ஒரு கையால் மடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவருக்குப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டுப் போவன்" என்றார்.

"வேண்டாம் அண்ணை."

அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை.